மழையே இல்லாத மழைச் சண்டை

சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் ரஞ்சிதத்தை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் வானொலி கேட்கிற பழக்கம் இருந்தால் அவள் குரலைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பத்து மணிக்கு நேயர் நிகழ்ச்சி தொடங்கும். பத்து ஐந்துக்கெல்லாம் அவள் இணைப்பில் இருப்பாள். "வணக்கம் இளமதி, நல்லா இருக்கீங்களா மா? புக்கிட் பாத்தோக்லேர்ந்து ரஞ்சிதம்." விலைவாசி, பிள்ளை வளர்ப்பு, பொங்கல் கோலம், புதுப்படம், எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரு கருத்து இருக்கும்.

திங்கள் முதல் வெள்ளி வரை அவள் ஒரு தொடக்கப்பள்ளி கேன்டீனில் பானக் கடை வைத்திருந்தவரிடம் வேலை பார்த்தாள். மைலோ கலக்குவாள், ரோஜாப்பால் பண்டோங் கலக்குவாள், தரையைத் துடைப்பாள். ஐம்பத்தெட்டு வயதில் அவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒருமுறை தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது, அவள் விலை கேட்ட குரலை வைத்தே பக்கத்தில் நின்ற அம்மாள், "நீங்க ரேடியோ ரஞ்சிதம்தானே?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்து கணவர் சின்னத்தம்பியிடம் அதை ஏழு தடவை சொன்னாள். மனிதர் பாவம், ஏழு தடவையும் கேட்டார்.

வழக்கமாக அழைக்கிற நேயர்கள் பதினொரு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. தலைவர் என்று யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பொங்கோல் நடராசா தானாகவே தலைவராகிவிட்டார். ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். மேடைத் தமிழ் பேசுவார், வீட்டில் தண்ணீர் கேட்பதும் அதே தமிழில்தான் என்று ஒரு பேச்சு உண்டு. வெள்ளிக்கிழமை மாலை அவர் குழுவில் ஒரு வரி போடுவார். சனிக்கிழமை பதினொரு பேரும் அந்த வரியை அவரவர் பாணியில் நீட்டிச் சொல்வார்கள். இதில் தப்பிருக்கிறது என்று ரஞ்சிதத்துக்கு அதுவரை தோன்றியதே இல்லை. எல்லோரும் ஒன்றாகப் போவது ஒற்றுமை என்று நினைத்திருந்தாள்.

அந்த வாரத் தலைப்பு 'புளோக் 417'. உள்ளூர்ப் பிள்ளைகள் எடுத்த தமிழ்ப் படம். அடிதடியும் ராப் பாட்டும் கலந்தது. நாயகியாக நடித்துச் சண்டைகளையும் அமைத்தது சுபாங்கி என்ற இருபத்தாறு வயதுப் பெண். நடராசா போட்ட வரி: "நம் சமூகத்திற்கு இழுக்கு. கண்டிப்போம்." ரஞ்சிதம் படம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. போஸ்டரில் பச்சை குத்திய தோளைப் பார்த்தாள். அது போதுமாக இருந்தது.

சனிக்கிழமை பொரிந்து தள்ளினாள். அறிவிப்பாளர் இளமதி சும்மா இருந்திருக்கலாம். "எந்தக் காட்சி உங்களுக்கு ரொம்ப நெருடலா இருந்துச்சு மா?" என்று கேட்டுவிட்டாள்.

ரஞ்சிதம் போஸ்டரை நினைத்துப் பார்த்தாள். பிறகு வாய் தானாகத் திறந்தது. "அந்த மழைச் சண்டைதான் மா. ஒரு பொம்பளப் பிள்ளை நனைஞ்ச துணியோட ஆம்பளைங்ககூட உருண்டு பொரண்டு... குடும்பத்தோட உக்காந்து பார்க்க முடியுமா, சொல்லுங்க."

சண்டைப்படம் என்றால் மழைச் சண்டை இருக்கத்தான் செய்யும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கைவிட மோசமானது அடுத்து நடந்தது. நடராசா வந்தார். "அம்மையார் ரஞ்சிதம் குறிப்பிட்ட அந்த மழைக் காட்சி என் நெஞ்சையும் உறுத்தியது." அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் மழையில் நனைந்தார்கள். ஒருவர் அந்தச் சண்டையில் பாட்டு வேறு ஆபாசம் என்றார்.

திங்கட்கிழமை இடைவேளையில் பள்ளியின் தமிழாசிரியை தேநீர் வாங்க வந்தார். விடுமுறையில் பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுக்க சுபாங்கியை அழைத்திருந்தார்களாம். அதைப் பற்றி இன்னொரு ஆசிரியையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேன்சல் பண்ணிட்டாங்க. பேரண்ட்ஸ் எழுதிட்டாங்க, ஏதோ மழையில ஒரு சீன் இருக்காம், ரேடியோலயே சொன்னாங்களாம். பாவம், அந்தப் பொண்ணு ஃபோன்ல ரொம்ப அப்செட். என்ன மழைன்னு என்கிட்டயே கேக்குது."

ரஞ்சிதம் தேநீரில் இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டாள். ஆசிரியை அதை எடுத்துக்கொண்டு போனார்.

என்ன மழை என்று அந்தப் பெண் ஏன் கேட்க வேண்டும்? இரண்டு நாள் அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. புதன்கிழமை பள்ளி முடிந்ததும் சின்னத்தம்பியை இழுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துத் திரையரங்குக்குப் போனாள். மத்தியானக் காட்சி, இருபது பேர் இருந்திருப்பார்கள். வேலைக்கு விடுப்பு எடுத்தது போலிருந்த நாலு பையன்கள், கல்லூரிப் பெண்கள் சிலர், தனியாக வந்து முதல் வரிசையில் குறட்டை விட்ட ஒரு பெரியவர்.

மழைக்காகக் காத்திருந்தாள். படம் முழுக்கக் காத்திருந்தாள். படத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. சொல்லப்போனால் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உணவு விநியோகம் செய்கிற ஒரு பெண், அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக், மின்தூக்கி வாசலில் அவளிடம் கை நீட்டுகிற மூன்று பேர். அவள் ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழியை உருவி எடுத்துச் சுழற்றுகிறாள். குப்பைத் தொட்டி மூடியும் மின்தூக்கிக் கதவும் தாளம் போடுகின்றன. உடம்பு முழுக்க மூடித்தான் இருந்தது, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

படத்தில் மறுநாள் காலை அவளுடைய மாமாக்காரர் வந்து, அடிபட்டவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள் என்கிறார். அந்தப் பெண் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, கூடி நிற்கிற சொந்தக்காரர்கள் முன்னால் ராப் பாடுகிறாள். கேட்க மாட்டேன், எதற்குக் கேட்க வேண்டும், அவன் கை நீண்டபோது நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று மூச்சு விடாமல் கேட்கிறாள். ராப் என்றால் புரியாத இரைச்சல் என்று நினைத்திருந்த ரஞ்சிதத்துக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பில் அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது குழாயடியில் பெண்கள் வேட்டியை வரிந்து கட்டிய ஆம்பளைகளை இப்படித்தான் மூச்சு விடாமல் வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். தாளம்தான் அப்போது இல்லை.

பத்தொன்பது வயதில் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் அவள் வேலை பார்த்தாள். மேற்பார்வையாளன் ஒருவன் பின்னால் நடந்து போகும்போதெல்லாம் இடுப்பில் கை வைத்துவிட்டுப் போவான். ஒருநாள் திரும்பி ஓங்கி அறைந்தாள். மறுநாள் அப்பாவே அவளைக் கூட்டிக்கொண்டு போய், அவன் மேசை முன்னால் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டாள். அவன் பெருந்தன்மையாக, "இட்ஸ் ஓகே" என்றான். அறைந்த கை வலித்ததெல்லாம் அன்றைக்கே போய்விட்டது. அந்த 'ஓகே' போகவில்லை. கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்று, அவர்களுக்கும் கல்யாணமாகி, இன்னும் போகவில்லை.

படம் முடிந்து விளக்கு போட்டதும் சின்னத்தம்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை நீட்டினார்.

வெளியே நடைபாதையில் பார்த்தவர்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். "ஃபைட் பவர், பட் லாஸ்ட் அரை மணி நேரம் இழுவை டா," என்றான் ஒரு பையன். கல்லூரிப் பெண் ஒருத்திக்கு ராப் பிடித்திருந்தது, காதல் பிடிக்கவில்லை. குறட்டைப் பெரியவர் சத்தம் அதிகம் என்றார். எல்லாம் அவரவர் சொந்தக் கருத்து. யாரும் யாருக்கும் வெள்ளிக்கிழமை வரி அனுப்பியிருக்கவில்லை. ரஞ்சிதத்துக்கு வெட்கமாக இருந்தது, அதற்குமேல் கோபமாக இருந்தது. யார்மேல் என்றால் முதலில் தன்மேல்தான்.

"மழையே இல்லையேங்க," என்றாள்.

"நீதானே மா பெஞ்சதுன்னு சொன்ன," என்றார் சின்னத்தம்பி. கேலி செய்கிறாரா என்று பார்த்தாள். இல்லை.

அன்று மாலையே நடராசாவை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள். சனிக்கிழமை வானொலியிலேயே உண்மையைச் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"ரஞ்சிதம், சிறு தவறு. யாரும் கவனிக்கவில்லை. நீங்களே ஏன் கிளற வேண்டும்?"

"அந்தப் பிள்ளையோட வேலை போயிருச்சு அண்ணே. என் வாயால போச்சு."

"வேறு பள்ளி கிடைக்கும். இதை யோசியுங்கள், மழை இல்லை என்று நீங்கள் சொன்னால், உங்களுக்குப் பின்னால் பேசிய நாங்கள் நால்வரும் பொய்யர்கள் ஆகிவிடுவோம். முப்பது வருடமாக நான் பேசுகிறேன். என் பெயருக்கு ஒரு மரியாதை இருக்கிறது. உங்கள் பெயருக்கும்தான்."

"அதுக்காக?"

"அதற்காக, பேசாமல் இருங்கள். பேசினால் குழுவில் உங்களுக்கு இடமில்லை. அப்புறம் உங்கள் குரலை யாரும் நம்பவும் மாட்டார்கள்."

கடைசியாகச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது உண்மை. வானொலியில் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டவளை அடுத்த வாரம் யார் கேட்பார்கள்? அவளிடம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். வீட்டில் அம்மா, பள்ளியில் ஆன்ட்டி, வாடகைப் படிவத்தில் மனைவி. பெயரோடு ஊரோடு அவளை அழைத்த ஒரே இடம் அந்த நிகழ்ச்சி. அதைத் தன் கையாலேயே உடைக்க வேண்டியிருந்தது.

வியாழனும் வெள்ளியும் குழுவில் குத்தல் பேச்சு நடந்தது. யாரோ ஒருவர், "சிலருக்கு வயசானா புத்தி பேதலிக்கும்," என்று போட்டார். அதற்கு மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ரஞ்சிதம் பதில் எழுதவில்லை. வேண்டுமென்றே எழுதவில்லை, பேச வேண்டியதை வானொலியில் பேசப் போகிறாள், எதற்குக் கட்டைவிரலைத் தேய்க்க வேண்டும்?

சனிக்கிழமை. சின்னத்தம்பி மின்விசிறியை நிறுத்தினார், சத்தம் கேட்கக் கூடாதென்று. அன்றைய தலைப்பு வீட்டுத் தோட்டம். பத்து மணி நான்கு நிமிடத்துக்கு அவள் இணைப்பில் இருந்தாள்.

"வணக்கம் இளமதி. புக்கிட் பாத்தோக்லேர்ந்து ரஞ்சிதம். நான் தோட்டத்தைப் பத்திப் பேச வரல மா. போன வாரம் பேசினதைப் பத்திப் பேசணும்."

"சொல்லுங்க மா."

"போன வாரம் நான் 'புளோக் 417' படத்தைப் பத்திப் பேசினேன். நான் படமே பார்க்கல. மழைச் சண்டைன்னு சொன்னது என் வாய்க்கு வந்தது. புதன்கிழமை போய்ப் பார்த்தேன். அந்தப் படத்துல மழையே கிடையாது. சுபாங்கி, நீ கேட்டுக்கிட்டு இருந்தா, நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன் மா. ஒரு பள்ளிக்கூடம் என் பேச்சைக் கேட்டு உன்னை வேண்டாம்னு சொல்லியிருக்கு. அவங்களும் கேட்கட்டும். நான் சொன்னது பொய்."

அந்தப் பக்கம் இளமதி யாரிடமோ கிசுகிசுப்பது கேட்டது.

"ரஞ்சிதம் அம்மா, லைன்லயே இருங்க. இன்னொரு லைன்ல நடராசா ஐயா வந்திருக்காங்க. இதைப் பத்தித்தான் பேசணுமாம்."

"வணக்கம். பொங்கோல் வட்டாரத்திலிருந்து நடராசா. அம்மையார் ரஞ்சிதம் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார். காட்சி மழையா வெயிலா என்பது முக்கியமல்ல. இப்படத்தின் போக்கு நம் பண்பாட்டிற்கு உகந்ததல்ல என்பதே எங்கள் அனைவரின் கருத்து. நேயர்களைக் குழப்பியதற்கு அம்மையார் எங்களிடமும் வருத்தம் தெரிவிப்பதே முறை."

"மாட்டேன் அண்ணே," என்றாள் ரஞ்சிதம்.

"அம்மா..."

"கேட்க வேண்டியவகிட்டக் கேட்டுட்டேன். உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க படம் பார்த்தீங்களா?"

வானொலியில் மூன்று விநாடி அமைதி என்பது பெரிய அமைதி. பேருந்தில், சமையலறையில், டாக்சியில், தீவு முழுக்க அது கேட்டது.

"என் மருமகன் பார்த்தார்," என்றார் நடராசா.

"நான் உங்களைக் கேட்டேன்."

"நேரமின்மை காரணமாக..."

"நானும் பார்க்காமத்தான் பேசினேன் அண்ணே. இப்பச் சொல்லிட்டேன், ஒண்ணும் ஆகல. நீங்களும் சொல்லிடுங்க."

நடராசாவின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவரேதான் வைத்திருக்க வேண்டும். சின்னத்தம்பியின் மடியில் இருந்த ரஞ்சிதத்தின் இன்னொரு கைப்பேசி, பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது, ஒரு தடவை அதிர்ந்தது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று சைகையில் காட்டினார். அவள் தலையாட்டினாள்.

"ரொம்ப நன்றி ரஞ்சிதம் அம்மா," என்றாள் இளமதி, அவசரமாக. "வெளிப்படையா பேசினீங்க. அடுத்த நேயரை..."

"இருங்க மா, ஃபோனை வச்சிடாதீங்க," என்றாள் ரஞ்சிதம், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. "நான் இன்னும் படத்தைப் பத்திச் சொல்லவே ஆரம்பிக்கல."