கிராணி மாமாவும் உண்ணிக்கொக்கும்

வெள்ளைச் சட்டை. வலது கைப்பட்டையின் ஓரத்தில் ஒரு நீல மைப்புள்ளி. கிராணி மாமாவை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் எனக்கு அந்தப் புள்ளிதான் வருகிறது. எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது, நிழல் மாதிரி கொஞ்சம் நின்றுவிடும். அடுத்த வாரம் அதே இடத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கும். ஒரு மனிதன் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிச் சம்பாதிக்கிறான் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்த என் டோபிக் கடைக்கு வந்த துணிகளில் அந்தப் புள்ளி அவர் சட்டையில் மட்டுமே இருந்தது. அதைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியும்.

அவர் மலாக்காச் செட்டி. நம்மைப் போலவே திருநீறு பூசுவார், மாரியம்மனைக் கும்பிடுவார். ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான், நடுநடுவே அண்ணே, மாமா என்று சில தமிழ்ச் சொற்கள் விழும். ஆற்றங்கரையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. என்னைவிட இளையவர், பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு எனக்கும் மாமா ஆகிவிட்டார். பிள்ளை கிடையாது. சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற ஜம்பு மரத்தடியில் உட்காருவார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அந்த வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அங்கே இருக்கும். கதை சொல்வார். நீர்நாய், சருகுமான், குரங்கு, உடும்பு என்று எல்லாம் மிருகக் கதைகள். உடும்பு நாக்கை நீட்டும் இடத்தில் அவரும் நாக்கை நீட்டுவார். குரங்கு வரும்போது கிளையில் தொங்கியே காட்டுவார், இஸ்திரி போட்ட சட்டையோடு.

பிள்ளைகளில் முதல் ஆளாக ஓடுகிறவள் என் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிவிட்டு வந்ததும் கடையில் துணி பிரித்துக் கொடுப்பாள். கண் மட்டும் வாசலில் இருக்கும். சைக்கிள் மணி கேட்டால் கையில் இருந்த துணி அப்படியே கீழே விழும். நான் சன்னலோரத்தில் நின்று இஸ்திரிப் பெட்டி தேய்த்துக்கொண்டிருப்பேன். கதை முழுவதும் என் காதில் விழும், தலையை மட்டும் திருப்பமாட்டேன். என் மனைவி அப்படியில்லை. அடுப்படியிலிருந்து வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எனக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பை நான் வரவழைத்ததாக நினைவில்லை.

“நீங்களும் ஒரு கதை சொன்னா என்னாங்க? வாய் வலிக்குமா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

அன்று மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து முயன்று பார்த்தேன். “ஒரு ஊர்ல ஒரு நாய் இருந்துச்சு” என்றேன்.

“அப்புறம்?”

எனக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. “அது தூங்கிருச்சு” என்றேன்.

“மாமா கதையில நாய் தூங்கவே தூங்காதுப்பா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த வாரம் அவருடைய சட்டைக்குக் கஞ்சியைக் கூடுதலாகப் போட்டு, கழுத்துப்பட்டி அறுக்கும்படி செய்தால் என்ன என்றுகூட நினைத்தேன். செய்யவில்லை. தொழில் தொழில்தான்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. கொடி தைக்கத் துணி வாங்கினார்கள், வானொலியை உரக்க வைத்தார்கள். அந்த நாட்களில்தான் கைப்பட்டையில் மைப்புள்ளி வருவது நின்றது. முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வலது தோளில் ஒரு பழுப்புக் கறை வர ஆரம்பித்தது. முகர்ந்து பார்த்தேன். கொப்பரை வாடை. தையலுக்குள் சணல் நார் சிக்கியிருந்தது. எழுதுகிறவன் தோளில் சணல் நார் எப்படி வரும்? எனக்கு உடனே புரிந்துவிட்டது. வெள்ளைக்காரன் கம்பெனியை மூடிக்கொண்டு போய்விட்டான். கிராணி மாமா காலையில் சலவைச் சட்டையோடு சைக்கிளில் கிளம்பி, ஆற்றங்கரைக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். சாயங்காலம் அதே சட்டையோடு, அதே மணியோசையோடு திரும்பி வருகிறார்.

துணி வெளுக்கிறவனுக்கு எல்லார் வீட்டுச் சங்கதியும் தெரியும். யார் பாயை நனைக்கிறார்கள், யார் சட்டையில் சாராய வாடை, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகப் படுக்கிறார்கள் என்று துணியே சொல்லிவிடும். அதை வெளியே சொன்னால் அடுத்த நாள் துணி வராது. இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. அந்தக் கடையில் நின்றாலே தெரிந்துவிடும். ஆனால் அதுவரை நான் வாயை மூடியிருந்ததற்கு என் கூச்சமே போதுமாக இருந்தது. கிராணி மாமாவின் சட்டை விஷயத்தில்தான் முதல் தடவையாக எனக்குப் பேச ஆசை வந்தது.

கறிச்சாமான் கடைக்காரர் ஒரு நாள் தன் வேட்டியை வாங்க வந்தவர் மேசையில் சாய்ந்துகொண்டார். “ஏப்பா, அந்தச் செட்டி கிராணிக்கு வேலை போயிருச்சாமே? அவன் பெண்டாட்டி இப்பல்லாம் அரிசி கொஞ்சமா வாங்குறா. துணி உங்கிட்டதானே வருது, உனக்குத் தெரியாமலா இருக்கும்?”

ஒரு வார்த்தை போதும். அன்று சாயங்காலமே ஜம்பு மரத்தடி காலியாகிவிடும். கூலிக்காரன் கதையைக் கேட்க எந்த அம்மா பிள்ளையை அனுப்புவாள்? என் மகளும் கடையிலேயே இருப்பாள், என் பக்கத்தில். சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“கஞ்சி போடணுமா, வேணாமா?” என்று கேட்டேன்.

“உங்கிட்ட வந்து கேட்டேன் பாரு” என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நான் அடக்கிக்கொண்டேன். என் மகள் அடக்கவில்லை. அவளோடு படித்த ஒரு பெண்ணின் அம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருந்ததால் அந்த மாதம் அவர்கள் வீட்டுத் துணி மொத்தமும் எங்களிடம் வந்தது. அதில் அந்தப் பெண்ணின் உள்பாவாடை ஒன்று. மாவுச் சாக்கை வெட்டித் தைத்தது. சாக்கில் அச்சடித்த நீலக் கப்பல் படம் வெளுத்துப்போய் அப்படியே இருந்தது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படித் தைத்தார்கள், வெளியில் சொல்லமாட்டார்கள். என் மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அந்தப் பெண் மரத்தடிக்கு வந்தபோது பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டு, “கப்பல் வருது! கப்பல் வருது! தள்ளிக்கோ!” என்று கூவினார்கள். ஒரு பையன் சங்கு ஊதுவதுபோல் வாயில் கையை வைத்து ஊதினான். அந்தப் பெண் பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள். சன்னலில் நின்றிருந்த நான் பெட்டியைக் கீழே வைத்தேன். கப்பல் எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும்.

“யார் சொன்னது?” என்று மகளைக் கேட்டேன்.

“தெரியலப்பா” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் அந்தப் பெண்ணின் தாய் கைக்குழந்தையோடு கடை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. “மிச்சத் துணியைக் குடுத்துருங்கண்ணே. ஈரமா இருந்தாலும் பரவால்ல.” கொடுத்தேன். அவள் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“நாலு சாத்து சாத்துங்க அவளை” என்றாள் என் மனைவி. அடித்தால் அழுவாள், அழுதுகொண்டே மரத்தடிக்கு ஓடுவாள். அடிக்கவில்லை.

அந்தப் பெண் வராததைக் கிராணி மாமா கவனித்திருக்கிறார். யாரிடம் கேட்டார் என்று தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு புதுக் கதையை ஆரம்பித்தார். அவர் மலாயில் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். அவர் சொன்ன அழகு இதில் வராது.

மாட்டின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் வெள்ளைக் கொக்கு ஒன்று இருந்தது. அந்த அப்பா கொக்குக்கு ஒரு குஞ்சு. காட்டில் உள்ள எல்லா மிருகத்தின் முதுகிலும் அவை உட்காரும், அதனால் யாருக்கு எங்கே புண், எங்கே சொட்டை என்று அவற்றுக்குத் தெரியும். எருமைக்கன்றின் அடிவயிற்றில் முடியில்லாமல் ஒரு திட்டு இருந்தது. குஞ்சு அதைப் போய்க் குரங்குகளிடம் சொன்னது. அப்பா கொக்கு குஞ்சைக் கண்டிக்கவில்லை, வாயையே திறக்கவில்லை. குரங்குகள் மரத்துக்கு மரம் பாட ஆரம்பித்தன. கன்று சேற்றுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது, எழுந்திருக்கவில்லை. அதன்மேல் உண்ணி ஏறியது. மற்ற மிருகங்கள் யோசித்தன: இன்றைக்குக் கன்று, நாளைக்கு நான். அன்றிலிருந்து கொக்கு வந்து உட்கார்ந்தால் எல்லாம் முதுகைச் சிலிர்த்து விரட்டின. கொக்குகள் பட்டினி கிடந்தன.

“அப்பா கொக்கு ஏன் பேசாம இருந்துச்சு, மாமா?” என்று ஒரு பையன் கேட்டான்.

“அதன் வாயில் எப்போதும் உண்ணி இருக்கும். வாயைத் திறந்தால் விழுந்துவிடும்” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒவ்வொருவராக என் சன்னல் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பையன், “டோபி அண்ணே கொக்கு!” என்றான். என் மகளை எடுத்துக்கொண்டது போதாதென்று என்னையும் கேலிப் பொருளாக்குகிறாரே என்று பெட்டியை மேசையில் ஓங்கி வைத்தேன்.

“டியாம்!” என்று அந்தப் பையனை அடக்கினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அப்பா கொக்குக்கு எல்லாம் தெரியும். யானையின் தோளில் மூட்டை சுமந்த தழும்பு இருந்தது. யானை அதை யாருக்கும் காட்டாமல் நெற்றிப்பட்டம் கட்டிக்கொண்டு நடந்தது. கொக்கு பார்த்தது. குரங்குகள் வந்து கேட்டன. சொல்லவில்லை. அதனால் யானை மட்டும் கடைசிவரை கொக்கைத் தன் முதுகில் உட்காரவிட்டது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டையின் தோளைத் தடவிக்கொண்டார். பிள்ளைகள் யாருக்கும் அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பெட்டிக்கு அடியில் துணி தீயும் வாடை வந்த பிறகுதான் என் கை அசைந்தது.

“அப்புறம் குஞ்சு என்ன செய்தது?” என்று கேட்டது என் மகள்தான்.

“கன்று படுத்திருந்த சேற்றுக்குள் நடந்து போனது. வெள்ளைக் கால் எல்லாம் சேறு.”

“போய் என்ன சொல்லுச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்தக் கரையில் இருந்தேன். கிட்டே போன ஆளுக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். கதை அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மகள் பள்ளிக்கு முன்னதாகவே கிளம்பினாள். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனதாகப் பிறகு தெரிந்தது. என்ன சொன்னாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து மரத்தடிக்கு வந்தார்கள். யாரோ சங்கு ஊதப் பார்த்தான், என் மகள் அவன் காலை ஓங்கி மிதித்தாள். கதை சொல்லித் தந்த அன்பு அவ்வளவு தூரம் வரவில்லை போலிருக்கிறது. அந்த வீட்டுத் துணி மட்டும் திரும்பி வரவே இல்லை.

அன்று கதை முடிந்ததும் மகள் வீட்டுக்குள் ஓடாமல் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் கிராணி மாமாவின் சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்கு எல்லார் துணியும் தெரியும்லப்பா?”

“தெரியும்.”

“மாமா சட்டையும்?”

“தெரியும்.”

“என்னா தெரியும்?”

தண்ணீர் தெளித்தேன். “மடிக்கத் தெரியும்” என்றேன்.

அவள் சிரித்தாள். அடுப்படியில் இருந்தவளும் சிரித்தது கேட்டது. அப்போதுகூட, இந்தச் சிரிப்பு என்னுடையதா, அவர் கதையில் மிச்சமிருந்த சிரிப்பா என்றுதான் என் மனம் கணக்குப் பார்த்தது.

மெர்டேக்காவுக்குப் பிறகு அவர் சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். ஜம்பு மரம் சும்மா நின்றது. அவர் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். மகள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஒரு வாரமும் எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் முன்பைவிட அதிகம்.

போன தை மாதம் மகளுக்கு ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோவிலில் கல்யாணம். கிராணி மாமா மனைவியோடு வந்திருந்தார். தலை நரைத்திருந்தது, சட்டை மட்டும் அதே வெள்ளை. சாப்பாடு முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாம் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தான் மூட்டை தூக்கிய கதையை அவராகவே எடுத்தார். அதனால்தான் நானும் இதை எழுதுகிறேன். ஒரு நாற்காலியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, முதுகு வளைந்து, சட்டை மடிப்புக் கலையாமல் நடக்கப் பழகியதை நடித்துக் காட்டினார். ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“என் பெண்டாட்டிக்குத் தெரியாது. சாமிக்கும் தெரியாது” என்று தன் மலாயில் சொன்னார். “டோபி அண்ணே தாவு! எல்லாம் தாவு! ஒரு வார்த்தை வெளியே வந்ததா? தாடா!” என்று என் பக்கம் கையை நீட்டினார். தாவு என்றால் தெரியும், தாடா என்றால் இல்லை. பிறகு, தான் அந்த நாட்களில் இரவெல்லாம் பயந்து கிடந்ததையும், காலையில் என் கடையில் மடித்து வைத்திருந்த சட்டையைப் பார்த்ததும் பயம் போனதையும் சொன்னார். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் வாயை மூடியிருந்த கதையையும் அவர் வாய்தான் சொல்ல வேண்டியிருந்தது. நானே சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். இந்த வயதிலும் வயிறு எரிந்தது.

எல்லோரும் அவரைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையும் கழுத்துமாக நின்ற என் மகள் மட்டும் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.