வெளுத்துக் கிடந்த ஸ்ரீராம்புரம்

எந்தப் பகுதிக்கு எத்தனை பரிசோதனை மையம் வேண்டும் என்று தரவுகளை வைத்துக் கணக்கிட்டு, ஏழை நாடுகளின் அரசுகளுக்குச் சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அலுவலக நாற்காலியில் நிமிர்ந்துதான் உட்காருவேன்.

அன்று பெங்களூருக்கே காசநோய்ப் பரிசோதனை இயந்திரங்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். நோயாளிகள் அதிகமுள்ள ஜோகுபாளையம் திரையிலிருந்த வரைபடத்தில் சிவந்திருந்தது. நான் பிறந்து வளர்ந்த ஸ்ரீராம்புரம் வெளுத்துக் கிடந்தது.

"அங்க கேஸே இல்லையே, மெஷின் எதுக்கு?" என்றார் குழுத் தலைவர்.

அப்பாவுக்கு இருமல் திரும்பியிருந்தது. ஜோகுபாளையத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் தெம்பு அவருக்கு இல்லை.

"எங்க ஏரியாவுல யாரும் சொந்த அட்ரஸ் குடுக்க மாட்டாங்க சார். குடுத்தா மாத்திரையோட நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க, தெருவுக்கே தெரிஞ்சிடும். வேற ஏரியாவுல சொந்தக்காரங்க அட்ரஸ்லதான் டெஸ்ட் எடுப்பாங்க."

"இருக்கலாம்மா. டேட்டாவுல இருந்தா காட்டு."

"எங்கப்பாவே ஜோகுபாளையத்துல சித்தி அட்ரஸ்லதான் சார் எடுத்தாரு."

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இயந்திரம் ஜோகுபாளையத்துக்கு என்று முடிவானது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அம்மா இயந்திரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அப்பாவைப் பத்தியா சொன்னே? படிச்ச திமிருடி உனக்கு. ஓனரு காதுல விழுந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு."

பிறகு, "நாளைக்கு ஆட்டோ வெச்சு அவரை ஜோகுபாளையத்துக்கே கூட்டிட்டுப் போ. சித்தி அட்ரஸையே குடு" என்றாள்.

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.