நர்சம்மா ஊட்டு நாய்

நாய் வளர்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. மனுசர்களோடு மல்லுக்கட்டவே எனக்கு நேரம் போதாது. அது அதுவாக வந்து சேர்ந்ததுதான்.

கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் பிரசவம் பார்க்கும் நர்சாக என்னைப் போட்டிருந்தார்கள். அறுபதுகளின் தொடக்கம். எங்கள் பக்கம் பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை. புளியஞ்சோலையில் இறங்கி, ஓடையைத் தாண்டி, முழங்கால் கெஞ்சக் கெஞ்ச ஏற வேண்டும். ஒருமுறை லீவு முடிந்து திரும்பும்போது ஓடைக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தேன். எதிரே ஒரு பாறை மறைவிலிருந்து செவலை நிறத்தில் ஒரு பெட்டை நாய் எட்டிப் பார்த்தது. ஒரு காது கிழிந்து தொங்கியது, விலா எலும்பை எண்ணிவிடலாம். மரம் வெட்ட வந்திருந்த ஆட்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனபோது விட்டுவிட்டுப் போன நாய் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். ஒரு பிடி புளிச்சோற்றை இலையில் வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். பாதி மலையில் திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வருகிறது. "போ" என்றேன். நின்றது. நடந்தேன், நடந்தது. வீடு வரைக்கும் இதே கதைதான்.

என்னிடம் ஒட்டிக்கொள்ள அதற்கு அதிக நாள் ஆகவில்லை. வீட்டு வேலைக்கு வரும் ஆயாவிடமும் பழகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரிதான் அவள், வாய் ஓயாது. "குளிப்பாட்டி நடுவூட்டுல வெச்சாலும் நாய் நாய்தானுங்க அம்மா" என்று சொல்லிக்கொண்டே களி உருண்டையை அதன் வாயில் திணிப்பாள். சிக்கல் எல்லாம் வெளியாள் வரும்போதுதான். யாராவது வேலியில் ஆள் நுழைகிற கடவில் நின்று "அம்மாங்க!" என்று கூப்பிடுவார்கள். நான் வெளியே வருவேன். அவ்வளவுதான், நாய் சுவரோடு சுவராக ஒட்டி, வாலைக் கால்களுக்கு நடுவில் விட்டுக்கொண்டு, கழுத்தை மேலே தூக்கி ஊளையிடும். குரைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கடித்திருந்தால் மருந்து போட்டு அனுப்பியிருப்பேன். ஊளைக்கு என்ன மருந்து இருக்கிறது?

பிள்ளைப்பேறுக்கு ஆள் கூப்பிட வந்த இடத்தில் நாய் ஊளையிட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எமன் வருகிற வழி நாய்க்குத் தெரியும் என்று நம்புகிற ஜனங்கள். நானும் அந்த நம்பிக்கையிலேயே வளர்ந்தவள்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு கடவுக்கு வராமல் தூரத்தில் நின்றே கூப்பிட்டார்கள். அங்கே நின்றாலும் ஊளைதான்.

ஒருநாள் காலையில் ஒருவன் வந்தான், ஊளையைக் கேட்டான், வாயைத் திறக்காமல் திரும்பிப் போய்விட்டான். அவன் பெண்டாட்டிக்கு வலி எடுத்திருந்தது எனக்கு மறுநாள்தான் தெரியும். நல்லவேளையாகத் தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் ரத்தமெல்லாம் வடிந்து, வெளுத்த துணியாகக் கிடந்தாள். "ஏண்டா, வந்தவன் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். "நாய் ஊளையுட்டுச்சுங்க அம்மா. அதுக்கப்புறமும் உங்களைக் கூட்டியாந்தா அவ பொழைப்பாளுங்களா?" என்றான். அவன் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அந்த வாரமே ஊர்க்கவுண்டர் வந்தார். சுற்றுவட்டத்து ஊர்களுக்கு நல்லது கெட்டது சொல்லுகிறவர் அவர்தான். அவர் சொல்லாவிட்டால் என்னை யாரும் கூப்பிட்டே இருக்க மாட்டார்கள். நாய் ஊளையிட்டு முடிக்கும் வரை பொறுமையாக நின்றார்.

"ஏனுங்க அம்மா, எம்பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கறா. அவளுக்கு உங்களைக் கூப்புட நான் வாரப்ப இது ஊளையுட்டா, நான் உள்ள வாரதுங்களா, திரும்பிப் போறதுங்களா? நீங்களே சொல்லுங்க."

அந்தப் பெண்ணை நான் பார்த்திருந்தேன். ஒடிசலான உடம்பு, குறுகின இடுப்பு. பக்கத்தில் ஆள் இல்லாமல் அவள் பெறுவது ஆபத்து என்று எனக்கு அப்போதே தெரியும். "சாமை அறுப்பு வரைக்கும் பொறுங்க கவுண்டரே, சரி பண்ணிடறேன்" என்றேன். "நாய் வாலை நிமுத்தறேன்னு சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்யாத கூத்தெல்லாம் செய்தோம். கொல்லையில் கட்டினேன், கட்டிய கயிற்றோடு சேர்ந்து ஊளை. உள்ளே வைத்துப் பூட்டினேன். வீட்டுக்குள்ளிருந்து வரும் ஊளை இன்னும் கெட்டதாம். ஆயா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நாய் தும்மியது, நாங்களும் தும்மினோம். வருகிறவர்கள் ஆளுக்கொரு களி உருண்டை கொடுத்துப் பழகட்டும் என்றேன். அதைவிட மடத்தனம் வேறில்லை. கையை நீட்டிக்கொண்டு அவர்கள் கிட்டே கிட்டே போக, அது சுவரைப் பிளந்துகொண்டு போய்விடப் பார்த்தது. பெண்கள் வந்தால் மட்டும் சத்தம் இல்லை. ஆம்பளையைக் கண்டால்தான் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆம்பளை வராமல் இருக்க நான் என்ன கன்னி மாடமா நடத்துகிறேன்?

கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். கீழேயிருந்து மருந்தும் அரிசியும் சுமந்து வருகிற ஆள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், நாய் வந்த பிறகு இன்னும் வரவில்லை. இந்தத் தடவை திரும்பும்போது நாயைப் பிடித்துக்கொண்டு போய் ஓடைக்கரையில் விட்டுவிடும்படி முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். அங்கே அதற்கு யார் சோறு வைப்பார்கள் என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். அன்று காலையில் அதற்குக் கருவாடு சுட்டுப் போட்டேன். அது அத்தனை சந்தோஷமாகத் தின்றதைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

சுமைக்காரர் வந்தார். தலையில் பெட்டி, அதன்மேல் மூட்டை, இரண்டு கையாலும் பிடித்தபடி கடவைத் தாண்டி நேராக வாசலுக்கே வந்துவிட்டார். நாய் எழுந்து நின்றது. நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். சத்தமே இல்லை. மூக்கை நீட்டி அவரை மோப்பம் பிடிக்கப் பார்த்தது. ஆயாவும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அவர் சுமையை இறக்கினார். தலையில் சும்மாடாகச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். என் எதிரில் நிற்கிறோமே என்று அதை 'விசுக்'கென்று உதறிக் கக்கத்தில் இடுக்கினார்.

நாய் சுவரோரம் பாய்ந்து ஊளையிட்டது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நர்சம்மா வெளியே வருகிறாள், வந்த ஆள் தோள்துண்டை மரியாதையாக இழுத்துக் கக்கத்தில் வைக்கிறான். இதுதானே எல்லோரும் செய்வது! என்னைக் கண்டதும் கை தானாகத் துண்டுக்குப் போகும். முறுக்கின துண்டால் வாங்கின அடி எப்படி வலிக்கும் என்பது எனக்கு எங்கள் அப்பா தயவில் தெரியும். மரம் வெட்டினவர்கள் கூடாரத்தில் யார் அதை அப்படி அடித்தார்களோ, நாசமாய்ப் போக. எனக்குக் கிடைத்த மரியாதை ஒவ்வொன்றும் இதற்கு ஓங்கின கையாகத் தெரிந்திருக்கிறது. சுமைக்காரரிடம், "நாய் வேண்டாமுங்க, நீங்க மட்டும் போங்க" என்றேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துண்டுப் பாடம். நானே ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தேன். நாய் அந்த மூலையில் இருக்கும்போது இந்த மூலையில் நின்று, நோகாமல் துண்டை இறக்குவேன், உடனே கொஞ்சம் கருவாட்டைக் கிள்ளி அதன் பக்கம் போடுவேன். முதலில் கருவாட்டைத் தொடவே இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு தின்றது. பிறகு கொஞ்சம் வேகமாக. பிறகு கொஞ்சம் கிட்டே. வீடே கருவாட்டு நாற்றம். ஆயாவுக்கு இது கூத்தாகிவிட்டது. துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், ஊர்க்கவுண்டர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்து, கனத்த குரலில் "ஏனுங்க அம்மா!" என்பாள். சிரித்துச் சிரித்து எனக்குத் துண்டு நழுவிவிடும். அப்படி நழுவினதுகூட நாய்க்குப் பாடம்தான்.

நாயைவிடக் கஷ்டமாக இருந்தது மனுசர்கள்தான். வருகிறவர்களிடம், "துண்டை எடுக்காதீங்க, தோள்லயே இருக்கட்டும். நாயைப் பாக்காம உக்காருங்க, அதுவா வரும்" என்று கெஞ்சினேன். "துண்டோட உங்க முன்னால நிக்கக் கூசுதுங்க" என்று நெளிந்தார்கள். ஒருவர் தன் வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நோய் சொன்னார். ஆனாலும் கேட்டார்கள், பாவம். ஒருநாள் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கும்போது நாய் தவழாத குறையாகப் போய் அவர் செருப்பை முகர்ந்துவிட்டு ஓடி வந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை, அவருக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தேன்.

ஊர்க்கவுண்டர் மட்டும் மசியவில்லை. வழியில் பார்த்துச் சொன்னேன். "எங்க பொண்டு புள்ளைங்களைக் காப்பாத்தற கை உங்களுது. அதுக்கு முன்னால துண்டு போட்டுக்கிட்டு நிக்கறதுங்களா? ஒரு நாய்க்காகவா மரியாதையை வுடறது?" என்றார்.

"மரியாதை எனக்குத்தானுங்க? எனக்கு வேண்டாமுங்க" என்றேன். சுள்ளென்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. கக்கத்துத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாமை அறுப்பு பாதி நடந்துகொண்டிருந்தது. ஒரு காலைப் பொழுது, பல் விளக்கிவிட்டு வருகிறேன், சரிவில் யாரோ ஓடி வருகிறார்கள். ஊர்க்கவுண்டர்தான். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. நாய் என் காலடியில் நின்றது. பழகின ஆள் மெதுவாகத் துண்டை இறக்கினால் அது பொறுத்துக்கொள்ளும். ஓடி வருகிற ஆள் விசுக்கென்று எடுத்தால்? அதை நாங்கள் பழக்கி முடிக்கவில்லை.

கிட்டே வந்த பிறகுதான் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார், எங்கே பழக்கத்தில் எடுத்துவிடுவோமோ என்று. "அம்மாங்க, பொண்ணுக்கு..." என்று மூச்சு வாங்கினார். அவசரத்தில் கடவில் காலை வைத்தார், தடுக்கியது. விழாமல் இருக்கக் கையை வேலியில் ஊன்றினார். துண்டு முள்ளில் மாட்டிச் சரேலென்று தோளைவிட்டு வந்தது.

நாயோடு சேர்த்து மூன்று பேரும் அப்படியே நின்றோம். நாயின் முதுகு மயிர் எழும்பியது. உடம்பு உதறியது, கழுத்து மேலே போனது. கவுண்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகளின் உயிர் அந்த நாயின் தொண்டையில் இருப்பதுபோல் பார்த்தார். நான் கும்பிடாத சாமி இல்லை.

கழுத்து இறங்கியது. நாய் ஒரு அடி வைத்தது, நின்றது, இன்னொரு அடி. வேலியில் தொங்கிய துண்டை முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி அவர் கையைப் பார்த்து வாலை லேசாக ஆட்டியது.

"என்னங்க பண்ணுது?" என்றார்.

"கருவாடு கேக்குதுங்க" என்றேன்.

அந்த மனுசர் அப்படியே கடவில் உட்கார்ந்து, "ஊளையுடலீங்க அம்மா, ஊளையுடலீங்க" என்று சிறு பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழ நேரமில்லை. "எந்திரிங்க, பொண்ணு அங்க காத்துக்கிட்டிருக்கா" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நான் பயந்தது சரிதான். குழந்தையின் தலை இறங்க மாட்டேனென்றது. உச்சி வெயில் சாயும் வரை போராடினோம். அந்தப் பெண் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ரெண்டு உடைந்தது. ஆனால் பெற்றுவிட்டாள். பெண் குழந்தை, அழுத அழுகையில் கூரை எகிறியது. வெளியே வந்து சொன்னதும் கவுண்டர் மகளைப் பற்றி ரெண்டு தரம் கேட்டார். பேத்தியைப் பற்றி ஒருதரம் கேட்டார். அப்புறம், "நாய் காத்தால இருந்து பட்டினியா கெடக்குமுங்களே?" என்றார்.

ஆயா அன்று வரவில்லை. அம்மாக்காரியை விட்டு நகர முடியாது, பொழுது இறங்கும்வரை நான் இருந்து பார்க்க வேண்டும். "கெடக்கட்டுமுங்க, சாயங்காலம் போய் வெக்கறேன்" என்றேன்.

"நான் போய் வெச்சுட்டு வாரேன்" என்றார்.

நானும் ஆயாவும் இல்லாமல் அது ஒரு வெளியாளை இதுவரை பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் ஒரு சட்டியில் சோற்றைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார். போனவர் வர வெகு நேரம் ஆயிற்று. குழந்தை ரெண்டு தரம் பால் குடித்து உறங்கிவிட்டது. பயந்து காட்டுக்குள் ஓடியிருக்கும், தேடிக்கொண்டிருக்கிறாராக்கும் என்று நான் உள்ளுக்குள் தவித்தேன்.

வெறுஞ்சட்டியோடு வந்தார்.

"ஏனுங்க, ஓடிருச்சுங்களா?"

"இல்லீங்க. கடவுக்குள்ள போயி வெச்சுட்டு அந்தப் பக்கமா திரும்பி உக்காந்துக்கிட்டேன். ரொம்ப நேரம் வரலீங்க. அப்புறம் வந்து, எம்முதுகு மேல ஒட்டிக்கிட்டே நின்னு தின்னுச்சுங்க" என்றார். பேத்தி பிறந்தாள் என்று ஊருக்குச் சொன்ன அதே முகத்தோடு அதைச் சொன்னார்.