குணமாகும் முன்பே செலுத்திய நேர்த்திக்கடன்

தொண்ணூற்றேழாம் வருடம், கார்த்திகை மாதம். வரைபலகையின் மேல் குனிந்திருந்த நான் நிமிர்ந்தேன். இடுப்பு, பின்தொடை, கெண்டைக்கால், சுண்டுவிரல் என்று நெருப்பால் ஒரு கோடு இழுத்ததுபோல் வலி இறங்கியது. அந்தக் கோடு அதற்குப் பிறகு அழியவே இல்லை.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். பாளையங்கோட்டையில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறேன். வீடு அம்பாசமுத்திரம் பக்கம், ஆற்றங்கரை ஊர். எதையும் வரிசையாகச் சொல்வதுதான் என் பழக்கம். முதலில் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. அடுத்து, நிற்க முடியவில்லை. அதன் பிறகு இருமவும் தும்மவும் பயந்தேன். தை பிறந்தபோது படுக்கையில் இருந்தேன்.

சயாட்டிகா என்றார் டாக்டர். முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். மருந்தும் பயிற்சியும் செய்து பார்ப்போம், கால் பலம் இழந்துகொண்டே போனால் ஆப்பரேஷன்தான் என்றார். அலுவலகத்தில் சித்திரை வரை என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

படுக்கையில் ஒன்றைக் கவனித்தேன். வலி வருவதற்கு முன் பாதம் குளிரும். கட்டிலின் கால்மாட்டில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். பட்டப்பகலில், வீட்டில் ஆள் நடமாடும்போதே அப்படி இருக்கும். அதற்குப் பிறகுதான் கோடு இறங்கும். இடது கெண்டைக்காலை நூல் வைத்து அளந்தேன். வலது காலைவிட மெலிந்திருந்தது. என் கால் எனக்கு முன்னால் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அம்பாளே, இந்த வலியை எடுத்துவிடு என்பதே அப்போது என் ஒரே பிரார்த்தனை.

அம்மா எனக்காக ஆற்றங்கரைச் சிவன் கோயில் அம்பாளிடம் நேர்ந்திருந்தாள். எனக்குக் குணமானால் வெளிப்பிரகாரத்தில் நான் அடிப்பிரதட்சிணம் செய்வேன் என்று. குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி அடிமேல் அடி வைத்துச் சுற்றி வருவது. குணமானால்தான். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். காரியம் முடிந்த பிறகே கடன் தீர்ப்பார்கள். அதனால் நான் குணமாவதற்காகக் காத்துப் படுத்திருந்தேன்.

பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாவுக்கு ஏறத்தாழ என் வயதுதான் இருக்கும். காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதட்டினார்.

“படுத்தே கெடந்தா நரம்பு ஒங்களுக்குப் பாவம் பாக்கும்னு நெனச்சியளா? தசை கரைஞ்சிரும். பைய எந்திரிங்க. சின்னச் சின்ன அடியா வைங்க. கால் மரத்துப் போனா மட்டும் நிறுத்திட்டு எங்கிட்ட வாங்க.”

சின்னச் சின்ன அடி. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அடிப்பிரதட்சிணத்தை இப்போதே செய்யப் போகிறேன் என்று.

அம்மா பதறிவிட்டாள். “கொணமாகாம எப்படிட்டி செலுத்துவ? அட்வான்ஸ் குடுத்து வேலை வாங்க சாமி என்ன கொத்தனாரா?”

“பாதி வேலைல ஓடிப்போற கொத்தனார் இல்லைல்லாம்மா? பொறவு என்ன பயம்?” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கண் கலங்கித்தான் இருந்தாள்.

நான் இழுத்து இழுத்து நடப்பதை ஊர் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் உச்சிகால பூசை முடிந்து சன்னிதி சாத்திய பிறகு போனோம். கோயிலைக் காவல் காக்கும் மெய்க்காவல் அண்ணாச்சி பெரிய கதவிலுள்ள சின்னத் திட்டிவாசலைத் திறந்து எங்களை உள்ளே விட்டார். மாசி வெயில். அம்மா கொடிமரத்து நிழலில் உட்கார்ந்தாள். நான் மட்டும் நடந்தேன்.

தெற்குப் பக்கம் எப்படியோ போய்விட்டது. மேற்கே, சன்னிதியின் பின்புறம் திரும்பியதும் பாதம் குளிர்ந்தது. கால்மாட்டில் வந்து உட்காருமே, அது இங்கேயும் வந்துவிட்டது என்று தெரிந்தது. கோடு இறங்கியது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. காற்று இல்லை. புறா கூடச் சிறகடிக்கவில்லை.

அப்போது என் பிரார்த்தனை தானாக மாறியது. வலியை எடு என்று கேட்கவில்லை. “அம்பாளே, அடுத்த அடியை மட்டும் வைக்க விடு” என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தேன். என் கட்டைவிரலுக்கு முன்னால் ஈரமான பாதத்தடம் ஒன்று இருந்தது. அதன் குதிகால் என் விரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் மேற்கே திரும்பியபோது அந்தக் கல் உலர்ந்துதான் இருந்தது. அந்த வெயிலில் ஈரம் உடனே காய வேண்டும். காயவில்லை.

அதன் மேல் காலை வைத்தேன். ஆற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. காலை எடுப்பதற்குள் அடுத்த தடம் விழுந்திருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் நிற்பதற்குத்தான் அதிகமாகப் பயந்தேன். வைத்தேன், வைத்தேன், வைத்துக்கொண்டே வந்தேன். வடக்குப் பக்கம் திரும்பியதும் தடம் இல்லை. அதையும் மெல்லக் கடந்து கொடிமரத்துக்கு வந்தேன்.

அம்மா எழுந்து நின்றிருந்தாள். என் காலையே பார்த்தாள்.

“ஏட்டி, நீ மெட்டி போடலைல்லா?”

கல்யாணம் ஆகாத பெண் மெட்டி போடுவாளா? இல்லை என்றேன்.

“பொறத்தால இருந்து மெட்டிச் சத்தம் கேட்டுது. ஒன் நடைக்குக் கேக்கல. நீ கால இழுக்குற சத்தத்துக்கு முந்தி முந்திக் கேட்டுது.”

நான் தடத்தைப் பற்றி அதுவரை வாயே திறக்கவில்லை.

படித்தவள் என்பதால் விசாரித்தேன். ஆற்றில் குளித்துவிட்டு யாராவது உள்ளே வந்தார்களா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“ஆத்து வாசலைப் பூட்டிச் சாவி எம்மடியிலல்லா இருக்கு. நீங்க ரெண்டு பேருந்தான் உள்ள. ஏம்மா, என்னத்தையும் பாத்தியளோ?” என்றவர், நான் பதில் சொல்வதற்குள் கையை உயர்த்தினார். “வேண்டாம், சொல்லாதிய. சாயந்திரம் நாந்தான் தனியா வெளக்கு ஏத்தணும்.”

மறுநாளும் போனேன். பிறகு தினமும் போனேன். மேற்குப் பக்கம் மட்டும், கோடு இறங்கும் நாட்களில் மட்டும், தடம் விழும். பங்குனியில் ஒரு நாள் அது என் விரலைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தது. இடைவெளி விட்டால் அடிப்பிரதட்சிணம் ஆகாது என்பது முறை. தயங்கினேன். பிறகு எட்டி வைத்தேன். தொடை இழுத்தது, ஆனால் கால் தாங்கியது. அடுத்த தடம் இன்னும் தள்ளி விழுந்தது. அம்பாள் எனக்கு நடை சொல்லிக் கொடுக்கிறாள் என்று அப்போது புரிந்தது.

ஒரு நாள் வலி வந்தது, தடம் வரவில்லை. வெறுங்கல்லைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். தடம் விழுந்த நாட்களைவிட அன்றுதான் மிகவும் பயந்தேன். பிறகு நானாகவே அடி எடுத்து வைத்தேன். அதன் பின் தடம் விழவே இல்லை.

சித்திரையில் டாக்டர் காலைச் சோதித்தார். பலம் திரும்பியிருக்கிறது, ஆப்பரேஷன் இப்போது வேண்டாம் என்றார். நான் டாக்டரம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். என் இடது கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு, “நான் சொன்னதைத்தான் அவளும் சொல்லியிருக்கா. நடையை மட்டும் விட்டுராதிய” என்றார்.

விடவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டேன். வலி போய்விட்டதா என்று கேட்கிறார்கள். போகவில்லை. மழைக்காலத்தில் வரும், நீண்ட பஸ் பயணத்தில் வரும். முன்பு அது வந்தால் படுப்பேன். இப்போது எழுந்திருக்கிறேன். காலையில் படுக்கையிலேயே முழங்காலை நெஞ்சோடு அணைக்கும் பயிற்சி, வரைபலகையிலிருந்து அடிக்கடி எழுந்து ஒரு நடை, சாயங்காலம் ஆற்றுப் பாலம் வரை போய் வருவது. இவற்றைப் பூசையைப் போலவே செய்கிறேன். கோயிலில் என்னோடு சுற்றும்போது அம்மா சில நேரம் மேற்குப் பக்கத்தில் சட்டென்று நின்று காது கொடுப்பாள். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. என்ன கேட்கிறது என்று நானும் கேட்பதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது, குணமானதும் வருகிறேன் தாயே என்று சொல்லிப் படுத்திருந்தால், உங்களுக்குத்தான் எழுதுகிறேன். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு நடக்கலாம் என்று அவர் சொல்வார். பிறகு அந்த வலியோடேயே எழுந்து வாருங்கள். வலி இல்லாதவர்கள் வரட்டும் என்று அவள் அங்கே காத்திருக்கவில்லை.