தங்கம் டீச்சரின் இதயம்

திருவான்மியூர்ப் பள்ளியொன்றில் தங்கம் டீச்சர் கலர் சாக்பீஸால் இதயம் வரைந்தால், பிள்ளைகள் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். புதிதாக வந்த சிம்ரா டீச்சர் ஸ்லைடு போட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்ததும், பக்கத்து வகுப்பில் ஒரே கைதட்டல். தங்கம் விட்ட பெருமூச்சில் நடுச்சுவரில் தோசையே வார்த்திருக்கலாம். நம்பாதவர்கள் சுவரைக் கேளுங்கள்.

குற்றம் கண்டுபிடிக்கவென்றே ஒருநாள் சிம்ராவின் வகுப்புக்குள் போனாள். திரையில் அவள் வரைந்த அதே இதயம்!

"உங்க படம்தான் மிஸ். உங்க க்ளாஸ் போர்டுல இருந்ததை ஃபோட்டோ எடுத்தேன்," என்றாள் சிம்ரா.

"இன்னாமா துடிக்குது பாருங்க மிஸ்!" என்று ஒரு மாணவி கூவினாள்.

கம்ப்யூட்டர் வித்தையில் படம் உண்மையிலேயே சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.

"நான் வரைஞ்சப்போ சும்மாதானே கெடந்துச்சு?" என்றாள் தங்கம்.

அன்றிலிருந்து, மணியடித்ததும் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் வகுப்பை விட்டு வெளியே வருகிறாள்.