பங்கு போட்ட வானம்

நில அளவை அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒற்றைக்கை’ என்று பெயர். கருவியில் கோணம் பார்ப்பதும் அவளே, ஏட்டில் குறிப்பதும் அவளே. எவரோடும் வேலையைப் பங்கு பிரிக்கமாட்டாள். பதினாறு வயதில் ஒருமுறை பிரித்தாள், பிரித்தது வானத்தை.

மாணவர் வானியல் போட்டிக்கு அவளும் அவள் சித்தி மகளும் ஓரணி. பாடப்பட்டியலோ அனுமார் வால். கோள முக்கோணம், விண்மீன்களின் இடங்குறித்தல், கோள்களின் சுற்றுப்பாதை இவளுக்கு. நிறமாலை, விண்மீன்களின் பிறப்பும் இறப்பும், அண்டத்தின் விரிவு மற்றவளுக்கு.

“எதுக்குடி ரெண்டு பேரும் எல்லாத்தையும் உருட்டணும்? என் மூளை உன்னோடதுதான்,” என்றாள் சித்தி மகள்.

நான்கு திங்கள் இவள் விசும்பின் பாதியை வழிபாடு போலக் கற்றாள். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில், “உன் நோட்டைக் குடு, அட்டை போட்டுத் தரேன்,” என்று வாங்கிப்போன சித்தி மகள், பத்து நாள் கழித்துத் தந்தாள். அட்டை அழகாகத்தான் இருந்தது.

தேர்வன்று இருவருக்கும் வெவ்வேறு அறை. ஏதோ தவறென்று இவள் இயற்பியல் ஆசிரியையிடம் ஓடினாள்.

“இந்த வருஷம் அணி கிடையாதும்மா, தனித்தனியாத்தான் எழுதணும். மூணு வாரம் முன்னாடியே உங்க வகுப்புத் தலைவிகிட்ட சொல்லி அனுப்பினேனே.”

வகுப்புத் தலைவி சித்தி மகளேதான்.

நிறமாலையில் தொடங்கிய வினாத்தாளின் பின்பாதிக்கு இவள் எழுதியவை கேள்வி எண்கள் மட்டுமே. தேர்வானவள் சித்தி மகள்.

மறுவாரம் அவளே வீட்டுக்கு வந்து நின்றாள். “அடுத்த சுத்துல கோள முக்கோணம் நிறைய வருமாம். உன் நோட்டை மனப்பாடம் பண்ணிட்டேன், ஆனா ஒண்ணும் புரியலடி.”

“நிறமாலை எனக்கும்தான் புரியல. நீ வந்து சொன்னியா?”

உள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: “சொல்லிக் குடு. ஒரே வீட்டுப் பிள்ளைங்க, இதுல என்ன கணக்கு?”

இவள் ரப்பர் பந்தொன்றை எடுத்து அதன்மேல் பேனாவால் முக்கோணம் வரைந்தாள். வானத்தைப் பற்றிப் பொய்யாக ஒரு சொல் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இரண்டு மணி நேரம், ஒரு கோணமும் பிசகாமல் விளக்கினாள்.

“நீ இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்,” என்று தோளில் கை வைத்தாள் சித்தி மகள்.

இவள் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு எழுந்தாள். குழாயடியில் பந்தைக் கழுவத் தொடங்கினாள். வந்தவள் விடைபெற்றுப் போகும்வரை திரும்பவில்லை.