தாமல் கண் முகாமும் டென்ட் கொட்டகை வண்டியும்

பி.ஏ. இரண்டாம் வருடம் முடித்த கோடையில், காஞ்சிபுரத்தில் ஒரு சேவா சங்கத்தில் விளம்பரப் பொறுப்பில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு. பயிற்சி என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். முசரவாக்கத்தில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான். அதனால் அம்மாவுக்கு இதை விளக்குவது பெரும்பாடாகிவிட்டது.

"இன்னா வேலடா அது?"

"ஜனங்களுக்குச் சேதி சொல்றதும்மா."

"அதுக்குத்தான் தமுக்கு அடிக்க ஆளு இருக்குதே. அவரு பி.ஏ.வா படிச்சிக்கினு வந்தாரு?"

சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற தமிழ்ப் பண்டிதர். முதல் நாளே தாமல் கிராமத்தில் நடக்க இருந்த கண் முகாமை என் தலையில் கட்டினார். "போன தடவை டாக்டர் ஈ ஓட்டிட்டுப் போனார் தம்பி. இந்தத் தடவையும் ஆள் வரலேன்னா அந்தப் பக்கமே வர மாட்டேன்னு சொல்லிட்டார். அங்க கண்ணுல புரை விழுந்தவங்க எத்தனையோ பேர். நீதான் வரவழைக்கணும்."

ராப்பகலாக உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினேன். 'கண்' என்று போட்டால் சாதாரணமாக இருக்கிறதே என்று 'விழியொளி விழா' என்று தலைப்புக் கொடுத்தேன். 'காரிருள் கடிந்து பேரொளி பரப்பும் பெருவிழா. வரும் ஞாயிறு காலை எட்டு மணி முதல், ஏரிக்கரை மைதானம். அனுமதி இலவசம். அனைவரும் வருக.' பண்டிதர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்றார்.

ஒலிபெருக்கி கட்டிய வண்டி அந்தப் பக்கத்தில் டென்ட் சினிமாக் கொட்டகைக்காரரிடம் மட்டும்தான் இருந்தது. மாட்டு வண்டி, இரண்டு பக்கமும் தட்டியில் சினிமா போஸ்டர். அதன்மேல் எங்கள் தாளை ஒட்டினேன். தாள் சின்னது. மேலே கதாநாயகனின் கத்தியும் கீழே கதாநாயகியின் பாதங்களும் தெரிந்தன. ஒவ்வொரு தெருமுனையிலும் வண்டிக்காரர் முதலில் ஒரு சினிமாப் பாட்டு வைத்தார்; பிறகுதான் நான் மைக்கில் நோட்டீஸை வாசித்தேன்.

"பாட்டு வேணாமே" என்றேன்.

"பாட்டு இல்லன்னா ஒரு ஆளு வெளிய வர மாட்டான்பா. நீ பேசறது எனக்கே புரியல."

ஆனால் ஊரே வாசலுக்கு வந்தது. நோட்டீஸுக்கு அடிதடி. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முகாம் நாள் காலையில் டாக்டர் வேனில் வந்தார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி, அதில் 'E' எழுத்தைப் பல பக்கமும் திருப்பிப் போட்ட கண் பரிசோதனை அட்டையைத் தொங்கவிட்டோம். எட்டு மணி ஆயிற்று, பத்தாயிற்று. ஒரு அம்மாள் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். மத்தியானம் டாக்டர் பெஞ்சிலேயே படுத்துத் தூங்கினார். செயலாளர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பொழுது சாயும் நேரம், மூட்டை கட்டத் தொடங்கினோம். அப்போது ஊருக்குள்ளிருந்து ஜனங்கள் வந்தார்கள். கையில் பாய், இடுப்பில் குழந்தை, பின்னால் வேர்க்கடலைக்காரர். பெரியவர் ஒருவர் வெள்ளைத் துணிக்கு நேர் முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"டிக்கெட்டு மெய்யாலுமே கெடையாதாபா?"

"எதுக்குங்க டிக்கெட்டு?"

"படத்துக்குத்தான். யாரு நடிச்சது?"

"ஐயா, இது கண்ணு பாக்கறதுக்கு. காலையில எட்டு மணிக்கே வரச் சொன்னோமே."

பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "பகல்ல எவன்பா படம் போடுவான்? வண்டியில ஒளறிட்டாங்கன்னு நெனச்சோம்."

செயலாளர் என் காதோரம் வந்தார். "விளம்பரம் உன் பொறுப்பு. நீயே பேசு" என்று மைக்கைக் கொடுத்தார்.

"பெருமதிப்பிற்குரிய தாமல் வாழ்..." என்று ஆரம்பித்தேன்.

"பேச்சு போதும், படத்துக்கு எழுத்து போடுபா" என்று யாரோ கத்தினார்கள்.

டாக்டர் பெட்ரோமாக்ஸைக் கொண்டுவந்து அட்டைக்குப் பக்கத்தில் மாட்டினார். "கூட்டத்தை விடாதே. அட்டையைக் காட்டிக் கேள்" என்றார்.

எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துப் பைக்குள் போட்டேன். "படம் கெடையாதுங்க. கண்ணு பாக்கறாங்க. காசு வாணாம். அட்டையில மூணு கம்பி எந்தப் பக்கம் நீட்டிக்கினு இருக்குதோ அந்தப் பக்கம் கையக் காட்டுங்க."

சிலர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். மற்றவர்கள் வந்ததற்கு இதையாவது பார்ப்போம் என்று கையைத் தூக்கினார்கள். உடனே சண்டை. "யோவ், அது மேல பாக்குதுய்யா." "மேலயா? உன் கண்ணுல மண்ணு." கலவரம் பெருகப் பெருக, எழுந்தவர்களும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

முன்னால் இருந்த பெரியவர் மட்டும் கையைத் தூக்கவில்லை.

"எப்பதான்பா ஆரம்பிப்பீங்க? வெறும் துணிதானே தெரியுது."

"மூணாவது வரிக்கு வந்துட்டாங்கய்யா" என்றாள் அவர் மனைவி.

கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. டாக்டர் டார்ச்சோடு அவர் எதிரே மண்ணில் உட்கார்ந்து, கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். "புரை. எடுத்துடலாம்" என்றவர், அந்த முன்வரிசை முழுவதையும் ஒரு முறை நோட்டம் விட்டார். படம் என்றால், கண் சரியாகத் தெரியாமல் துணியை ஒட்டி உட்காருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் பார்த்தார். அதிலேயே பாதிப் பேருக்குப் புரை.

கிளம்பும்போது டாக்டர் செயலாளரிடம், "அடுத்த மாசமும் வரேன். சாயங்காலமே வெச்சுக்கலாம்" என்றார்.

டாக்டர் எழுதிக் கொடுத்த அறுவை சிகிச்சைச் சீட்டை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்த பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அடுத்த மாசம் இன்னா படம் தம்பி?"

நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.